ஆறு பென்னி புத்தகம்: அன்னி பெசன்ட் அம்மையாரின் கதை

இந்த மலருக்காக ஒவ்வொரு பகுதியிலிருந்தும் மறைந்த தலைவர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரணும்னு செயற்குழுவில் தீர்மானம் போட்டோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை ஒரு குழு முந்திக்கொண்டது. அதில் எனக்கு வருத்தமில்லை, அவங்களைப் பத்தி எழுத ஆயிரம் பேர் இருக்காங்க. நான் கேட்டு வாங்கிக்கொண்டது அன்னி பெசன்ட் அம்மையாரை.

29சி பஸ்ஸில் ஏறி பெசன்ட் நகர் ஒண்ணு குடுங்கன்னு கேட்டு டிக்கெட் வாங்குறோம். அடையாறில் பெசன்ட் அவென்யூ இருக்கு. திருவல்லிக்கேணியில் டாக்டர் பெசன்ட் ரோடு இருக்கு. மெரினாவில் சிலை இருக்கு. நான் இருப்பது பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம். கழிமுகத்துக்கு இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் அவங்க இருந்த தியசாபிகல் சொசைட்டியின் மரங்கள். ஆனா அவங்க யாருன்னு கேட்டா, வெள்ளைக்காரம்மா, காங்கிரஸ் தலைவியா இருந்தவங்கன்னு மட்டும்தான் நம்மில் பலருக்குத் தெரியும். அது அவங்க வாழ்க்கையின் பின்பாதி. முன்பாதியில் அவங்க மேல் ஒரு வழக்கு நடந்தது. ஏழைப் பெண்களுக்குக் கர்ப்பத்தடை பற்றிய விவரத்தைச் சொல்லும் புத்தகத்தை மலிவு விலையில் விற்றதுதான் குற்றம். அதனால் பெற்ற மகளையே இழந்தாங்க. அந்தக் கதையைத்தான் நான் நிதானமாகச் சொல்லப்போகிறேன். அரசியலை வேகமாகச் சொல்லிட்டுப் போயிடுவேன்.

1847 அக்டோபர் 1ஆம் தேதி லண்டனில் பிறந்தார். ஐந்து வயதில் அப்பா இறந்துவிட்டார். அம்மா கஷ்டப்பட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றினார். ஒரு நல்ல மனம் படைத்த அம்மாளின் பொறுப்பில் வளர்ந்ததால் பெண்ணுக்கு நல்ல படிப்பு கிடைத்தது. 1867இல், 20 வயதில், ஃபிராங்க் பெசன்ட் என்ற பாதிரியாருக்குக் கட்டிக் கொடுத்தார்கள்.

இத்தனை படித்த பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் என்ன, குழந்தை எப்படி உண்டாகிறது என்ற விவரம் ஒன்றுமே தெரியாது. யாரும் சொல்லவில்லை. சொல்வது அசிங்கம் என்று அம்மாக்கள் நினைத்த காலம். பிற்காலத்தில் தன் வாழ்க்கையை எழுதியபோது, ஒன்றும் தெரியாத பெண்ணை அப்படியே கல்யாணத்துக்குள் தள்ளிவிடுவது கொடுமை என்று வெளிப்படையாகவே எழுதினார். இதைப் படிக்கும்போது எனக்கு லண்டன் ஞாபகம் வரலை, எங்க தெருதான் ஞாபகம் வந்தது.

கல்யாணமான புதிதில் ஒரு கதை எழுதி வார இதழுக்கு அனுப்பினார். 30 ஷில்லிங் வந்தது. வாழ்க்கையில் முதன்முதலாகத் தன் கையால் சம்பாதித்த காசு, சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் அந்தக் காலத்து ஆங்கிலேயச் சட்டப்படி மனைவி சம்பாதித்தது கணவனுக்குச் சொந்தம். நம்ம பெயரில் பாஸ்புக் போட்ட அன்னைக்கு வீட்டில் என்ன நடந்ததுன்னு ஒவ்வொருத்தரும் நினைச்சுப் பாருங்க, அந்த 30 ஷில்லிங்கின் கனம் புரியும்.

1869 ஜனவரியில் மகன் டிக்பி பிறந்தான். 1870 ஆகஸ்டில் மகள் மேபல். இரண்டு பிரசவத்துக்கும் நடுவில் இரண்டு வருஷம்கூடச் சரியாக இல்லை. அடுத்த வருஷம் மேபலுக்குக் கக்குவான் இருமல் வந்து சாவின் வாசல்வரை போனாள். ராத்திரி பகலாக மடியில் வைத்துக் காத்த தாய்க்கு அப்போதுதான் கடவுள் மேலேயே கேள்வி வந்தது. பாதிரியார் வீட்டில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. வீட்டில் நிம்மதியும் இல்லை. 1873இல் பிரிந்து வந்துவிட்டார். மகன் அப்பாவிடம், மகள் அம்மாவிடம் என்று பத்திரம் எழுதினார்கள். 26 வயது, கையில் மூன்று வயதுப் பெண் குழந்தை.

அடுத்த வருஷம் சார்லஸ் பிராட்லா என்பவரைச் சந்தித்தார். பெரிய பேச்சாளர், நாத்திகர், ஏழைகளுக்காகப் பேசியவர். அவருடைய பத்திரிகையில் எழுத ஆரம்பித்து, மேடையிலும் ஏறினார். பெண்கள் பொதுமேடையில் பேசுவது அபூர்வமாக இருந்த காலம்.

இப்போது அந்தப் புத்தகத்துக்கு வருகிறேன். சார்லஸ் நோல்டன் என்ற அமெரிக்க டாக்டர் 1832இல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். கணவன் மனைவிக்குக் கரு எப்படி உண்டாகிறது, வேண்டாமென்றால் எப்படித் தடுக்கலாம் என்ற விஷயம். அதற்காக அவரை மூன்று மாதம் ஜெயிலில் போட்டார்கள். இங்கிலாந்தில் அது 40 வருஷமாகச் சத்தமில்லாமல் வருஷத்துக்குச் சுமார் 700 பிரதி விற்றுக்கொண்டிருந்தது. 1876இல் ஒரு கடைக்காரருக்கு அதை விற்றதற்காகத் தண்டனை கிடைத்தது. அதை அச்சிட்டுவந்தவரும் பயந்துபோய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார். புத்தகம் அத்தோடு செத்திருக்கும்.

அன்னி பெசன்ட்டும் பிராட்லாவும் தாங்களே ஒரு பதிப்பகம் தொடங்கி அதை மறுபடி அச்சடித்தார்கள். ஒளித்து விற்கவில்லை. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு விற்கப்போகிறோம் என்று அதிகாரிகளுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு, 1877 மார்ச்சில் கடை திறந்தார்கள். விலை ஆறு பென்னி, அதாவது அரை ஷில்லிங். முதல் 20 நிமிஷத்தில் 500 பிரதி போய்விட்டது. வாங்கியவர்களில் மாறுவேஷப் போலீஸும் உண்டு.

ஏப்ரலில் கைது செய்தார்கள். ஜூனில் விசாரணை. இரண்டு பேரும் வக்கீல் வைக்காமல் தாங்களே வாதாடினார்கள். பெண்கள் வக்கீலாகவே முடியாத நாட்டில், 29 வயதுப் பெண் தலைமை நீதிபதி முன்னால் நின்று இரண்டு நாள் பேசினார். கர்ப்பத்தடை என்று வாய்விட்டுச் சொன்னாலே மானம் போய்விடும் என்ற காலத்தில், நகரத்துச் சேரிகளில் ஒரே அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், எத்தனை குழந்தைகள் வருஷம் திரும்புவதற்குள் சாகின்றன, வருஷாவருஷம் பிள்ளை பெறும் தாயின் உடம்பு என்ன ஆகிறது என்றெல்லாம் கணக்கோடு எடுத்துச் சொன்னார். உயிரியல் மேதை சார்லஸ் டார்வினைச் சாட்சியாகக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர் வர மறுத்துவிட்டார். அவருக்கு இதில் உடன்பாடில்லை. பெரிய அறிவாளி என்றால் எல்லாவற்றிலும் நம் பக்கம் நிற்பார் என்று சொல்ல முடியாது.

தீர்ப்பு விசித்திரமாக இருந்தது. புத்தகம் கெட்டது, ஆனால் வெளியிட்டவர்களின் எண்ணம் கெட்டதில்லை என்று ஜூரிகள் சொன்னார்கள். நீதிபதி அதைக் குற்றம் என்றே எடுத்துக்கொண்டு, ஆளுக்கு ஆறு மாதச் சிறையும் 200 பவுண்டு அபராதமும் விதித்தார். மேல்முறையீட்டில், 1878 பிப்ரவரியில், தண்டனை ரத்தானது. காரணம் கேட்டால் சிரிப்பு வரும். புத்தகத்தில் ஆபாசமான சொற்கள் எவை என்று குற்றப்பத்திரிகையில் எழுதவே இல்லையாம்! எழுதக் கூசினார்களோ என்னவோ, அதனாலேயே வழக்கு விழுந்தது.

இதற்குள் 700 பிரதி விற்ற புத்தகம் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. வழக்கு போட்டவர்கள்தான் பெரிய விளம்பரம் செய்து கொடுத்தார்கள்.

அம்மையார் அதோடு நிற்கவில்லை. நோல்டன் எழுதி 45 வருஷம் ஆகிவிட்டது, மருத்துவ விஷயம் பழசாகிவிட்டது என்று சொல்லி, 1877லேயே தானே ஒரு புத்தகம் எழுதினார். மக்கள்தொகையின் விதி என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். நகரத்து ஏழைகளுக்கும் கிராமத்து ஏழைகளுக்கும் அதைக் காணிக்கையாக்கினார். அதுவும் ஆறு பென்னிதான். 1891க்குள் 1,75,000 பிரதி விற்றது. பல மொழிகளுக்கும் போனது.

நம்ம வேலைக்கு முக்கியமான விஷயம் அந்தப் புத்தகம் எழுதப்பட்ட விதம். இதைச் செய் என்று ஒரே ஒரு முறையைச் சொல்லிவிட்டுப் போகவில்லை. அன்றைக்குத் தெரிந்த முறைகளை வரிசையாகச் சொல்லி, எது ஓரளவு நம்பலாம், எதை நம்ப முடியாது, எது உடம்பைக் கெடுக்கும் என்று பிரித்துச் சொன்னார். மாதத்தில் சில நாட்கள் பாதுகாப்பு என்று நம்பி இருந்தால் ஏமாறலாம் என்றார். கருக்கலைப்பின் ஆபத்தைச் சொன்னார். அன்றைய அறிவில் சில தப்பும் இருந்திருக்கும், அது வேற விஷயம். வாசிக்கும் பெண்ணால் புரிந்துகொண்டு, தானே முடிவெடுக்க முடியும் என்று நம்பி எழுதினார். அதுதான் அந்த ஆறு பென்னியின் மதிப்பு.

விலை மலிவாக இருந்ததுதான் பெரியவர்களுக்குப் பொறுக்கவில்லை என்பதற்கு இன்னொரு சாட்சி இருக்கு. லீட்ஸ் நகரத்து டாக்டர் ஹென்றி ஆல்பட், மனைவிமாருக்கான கையேடு ஒன்றை ஆறு பென்னிக்கு வெளியிட்டார். கர்ப்பத்தடையும் அதில் இருந்தது. 1887இல் டாக்டர்கள் பட்டியலிலிருந்தே அவர் பெயரை அடித்துவிட்டார்கள். அவ்வளவு குறைந்த விலைக்கு வெளியிட்டதை அந்த முடிவிலேயே ஒரு குற்றமாக எழுதிவைத்தார்கள். பணக்கார வீட்டம்மா டாக்டரைக் கூப்பிட்டுத் தனியறையில் தெரிந்துகொள்ளலாம். தையல்காரியும் சலவைக்காரியும் தெரிந்துகொண்டால்தான் ஒழுக்கம் கெட்டுவிடும்!

தண்டனை ரத்தானாலும் அம்மையாருக்கு வேறு தண்டனை காத்திருந்தது. 1878இல் ஃபிராங்க் பெசன்ட் கோர்ட்டுக்குப் போனார். நாத்திகம் பேசுகிறாள், இப்படிப்பட்ட புத்தகம் விற்கிறாள், இவளிடம் என் மகள் வளரக் கூடாது என்றார். நீதிபதி ஜார்ஜ் ஜெஸ்ஸல் அதை ஒத்துக்கொண்டார். தாய் மகளை அடித்தாள், பட்டினி போட்டாள் என்று யாரும் சொல்லவில்லை. எட்டு வயதுகூட நிறையாத மேபலைப் பிரித்து அப்பாவிடம் கொடுத்தார்கள். சாவிலிருந்து மீட்ட அதே குழந்தை. பார்க்கப் போகும் ஒவ்வொரு தடவையும் பிள்ளைகள் கலங்கியதால், வளரும்வரை பார்ப்பதையே விட்டார். பெரியவர்களானதும் இரண்டு பேரும் தாங்களாகவே அம்மாவைத் தேடி வந்தார்கள். அதற்கு ஏறக்குறைய பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

1888இல் தீப்பெட்டிக் கம்பெனிப் பெண்களின் வேலைநிறுத்தம். நம்ம மாதிரிக் குழுவுக்கு அதை விட்டுவிட்டுப் போக முடியாது. லண்டனில் பிரையன்ட் அண்ட் மே கம்பெனியில் சின்னப் பெண்கள் வாரம் நாலு ஷில்லிங்குக்கும் வேலை செய்தார்கள். பேசினால் அபராதம், கால் அழுக்காக இருந்தால் அபராதம். வெள்ளைப் பாஸ்பரஸால் தாடை எலும்பு அழுகும் நோய் வேறு. அம்மையார் நேரில் விசாரித்துப் பத்திரிகையில் எழுதினார். சுமார் 1,400 பேர் வெளியே வந்தார்கள், ஜெயித்தார்கள், சங்கம் கட்டினார்கள். அதே வருஷம் லண்டன் பள்ளிக் குழுவுக்குத் தேர்தலில் நின்று ஜெயித்து, பசித்து வரும் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று போராடினார்.

1889இல் தியசாபிகல் சொசைட்டியில் சேர்ந்தார். ஆன்மாவை நம்பாதவர் ஆன்மாவின் வழிக்கு வந்தார். அது அவங்க விருப்பம், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா 1891இல் ஒண்ணு செஞ்சாங்க. தன் கர்ப்பத்தடைப் புத்தகத்தை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார். உரிமையை விலைக்குக் கேட்டவர்களுக்கும் கொடுக்கவில்லை. மனிதன் மிருகமில்லை, ஆசையை அடக்கிக் கட்டுப்பாட்டோடு வாழ்வதுதான் வழி என்பது அவருடைய புதிய நம்பிக்கை.

இந்த இடத்தில் எனக்கும் அம்மையாருக்கும் ஒத்துப்போகவில்லை. இருவரும் சேர்ந்து விரும்பிக் கடைப்பிடித்தால் சுயக்கட்டுப்பாடு நல்லதுதான். எங்க தெருவில் ராத்திரி பதினோரு மணிக்குக் குடித்துவிட்டு வரும் ஆள்கிட்டே கட்டுப்பாடு பேச எந்தப் பொம்பளையால் முடியும்? கட்டுப்பாடு அவன் கையில், கர்ப்பம் இவள் வயிற்றில். ஒரு தாயை இழந்த குழந்தையையும், குழந்தையை இழந்த தாயையும் விலையாகக் கொடுத்து வாங்கிய உண்மையை, தானே அலமாரியில் வைத்துப் பூட்டியது மாதிரி எனக்குப் படுது. காந்தியும் பின்னாளில் இதே கட்டுப்பாட்டுப் பக்கம்தான் நின்றார். 1935 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து மார்கரெட் சாங்கர் வார்தாவுக்கே வந்து பேசியும் அவர் மாறவில்லை.

நல்லவேளை, விற்ற புத்தகத்தைத் திருப்பி வாங்க முடியாது. அம்மையார் சென்னையில் கால் வைப்பதற்கு முன்பே அந்த வழக்கின் சத்தம் இங்கே வந்துவிட்டது. 1880களில் சென்னை இலௌகிக சங்கம் என்று ஒரு பகுத்தறிவாளர் கூட்டம் இருந்தது. பிராட்லாவோடு தொடர்பு வைத்திருந்தார்கள். தத்துவ விவேசினி என்ற தமிழ்ப் பத்திரிகை நடத்தினார்கள். குழந்தைப் பேற்றைக் கட்டுப்படுத்துவது பற்றி அப்போதே அதில் பேசினார்கள். நமக்குச் சிவப்பு முக்கோணம் வருவதற்கு 80 வருஷத்துக்கும் முந்தி!

1893 நவம்பர் 16ஆம் தேதி அம்மையார் தூத்துக்குடியில் வந்து இறங்கினார். வயது 46. 1907லிருந்து சாகும்வரை தியசாபிகல் சொசைட்டியின் தலைவர், அடையாறில்தான் வாசம். 1914இல் நியூ இந்தியா பத்திரிகை, 1916இல் தன்னாட்சி கேட்டு ஹோம் ரூல் இயக்கம், 1917 ஜூனில் ஊட்டியில் காவல், மூன்று மாதத்தில் விடுதலை, அந்த டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸுக்குத் தலைவர், முதல் பெண் தலைவர். இதையெல்லாம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் பார்த்துக்கலாம்.

பாடப் புத்தகத்தில் இல்லாத ஒண்ணு சொல்றேன். அவருடைய ஹோம் ரூலைக் கடுமையாக எதிர்த்தவர் நீதிக்கட்சியின் தியாகராயர். ஆட்சி கைமாறினால் ஒரு சாதியின் கைக்குத்தான் போகும் என்பது அவர்கள் பயம், அந்தப் பயத்தில் நியாயமும் இருந்தது. அதே தியாகராயர்தான் 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட ஏற்பாடு செய்தார். லண்டனில் அம்மையார் கேட்டதும் அதைத்தான். மேடையில் எதிரிகள், சோற்றில் ஒரே கட்சி. இப்போ ஒருத்தர் பெயரில் தி.நகர், இன்னொருத்தர் பெயரில் பெசன்ட் நகர். நாம் இரண்டுக்கும் வேலைக்குப் போய்ட்டு வர்றோம்.

1917 மே மாதம் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் உழைத்தார்கள், அம்மையார் முதல் தலைவர். அந்த வருஷக் கடைசியில் லண்டனிலிருந்து வந்த மந்திரி மான்டேகுவைச் சென்னையிலேயே சந்தித்துப் பெண்களுக்கு ஓட்டு கேட்டார்கள். 1921இல் சென்னை மாகாணம் கொடுத்தது, சொத்துள்ள பெண்களுக்கு மட்டும். ஆண்டுச் சந்தா, கிளைகள், கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எல்லாம் வைத்து நடத்திய சங்கம் அது. நம்ம தீர்மான நோட்டுக்கு அது பெரியம்மா முறை.

1933 செப்டம்பர் 20ஆம் தேதி, 86 வயதை எட்டப் பதினோரு நாள் இருக்கும்போது, அடையாறில் இறந்தார். அங்கேயே தகனம் செய்தார்கள்.

அதே காலத்தில் இதே தமிழ்நாட்டில் பெரியார் கர்ப்பத்தடையைப் பற்றிக் குடியரசு பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் நாட்டின் வறுமை, ஜனத்தொகை என்று கணக்குப் போட்டபோது, அவர் பெண்ணின் விடுதலைக்காகவும் உடல்நலத்துக்காகவும் வேண்டும் என்றார். அம்மையார் கீழே வைத்த பேச்சை, அவரோடு எதிலுமே ஒத்துப்போகாத ஒருவர் எடுத்துக்கொண்டார்.

1952இல் இந்திய அரசே குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அதற்குப் பிறகு நம்ம நாட்டில் பிரச்சினை தலைகீழாக மாறிப்போச்சு. லண்டனில் விவரத்தைச் சொன்னவரைத் தண்டித்தார்கள். இங்கே முறையைக் கையில் கொடுத்துவிட்டு விவரத்தைச் சொல்லாமல் விட்டார்கள். இலக்கு, எண்ணிக்கை, முகாம். நெருக்கடி நிலையின்போது வடக்கே ஆண்களைப் பிடித்து ஆபரேஷன் செய்த கதை உங்களுக்குத் தெரியும். 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் பக்கம் ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். அந்த வார முகாம்களில் 13 பெண்கள் செத்துப்போனார்கள்.

எனக்கு நடந்ததும் இந்த வகைதான், உயிர் போகவில்லை, அவ்வளவே. 2011இல் முதல் பிரசவம். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். வலியில் இருக்கும்போது ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினாங்க. நாற்பது நாள் கழிச்சு டிஸ்சார்ஜ் அட்டையைப் பக்கத்து வீட்டுப் பொண்ணு படிச்சுச் சொன்னப்பதான் காப்பர்டி போட்டிருக்காங்கன்னே தெரிஞ்சது. மாதவிலக்கு திரும்பினதும் கொட்டுகொட்டுன்னு கொட்டுச்சு. இது ஏன், எத்தனை மாசம் இருக்கும், எப்ப வந்து காட்டணும்னு கேக்கப் போனா, அதெல்லாம் அப்படித்தான் இருக்கும்னு ஒரே வார்த்தை. அம்மா பயந்துட்டாங்க, மாமியார் திட்டினாங்க, வெளியில் காசு கொடுத்து எடுத்துட்டோம். அப்புறம் எதைக் கண்டாலும் பயம், எதையும் பயன்படுத்தலை. அடுத்த வருஷமே வயித்துல நின்னுடுச்சு. தையல் மிஷின் தவணை கட்டிக்கொண்டிருந்த நேரம்.

காப்பர்டி கெட்ட சாதனமில்லை. நாம் சாதாரணமாகப் பார்க்கும் 380ஏ வகை பத்து வருஷம் காக்கும். முதல் மூன்றிலிருந்து ஆறு மாதம் உதிரப்போக்கும் வலியும் கொஞ்சம் அதிகமாக இருக்கலாம், பெரும்பாலும் பிறகு குறையும், குறையாவிட்டால் எடுத்துவிட்டு வேற முறைக்கு மாறலாம். இந்த நாலு வரியை யாராவது முதல்லயே சொல்லியிருந்தா நான் பயந்திருக்க மாட்டேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எங்க வட்டத்து மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நர்ஸம்மா கதவைச் சாத்திவிட்டு, ஒவ்வொண்ணா மேசைமேல் எடுத்து வைத்து, இருபது நிமிஷம் பேசினாங்க. எனக்கு ரத்தசோகை இருக்கான்னு பார்த்தாங்க, வீட்டுக்காரர் ஒத்துழைப்பாரான்னு கேட்டாங்க. நான் மறுபடி காப்பர்டியையே கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டேன். பல வருஷம் ஒரு தொல்லையும் இல்லை. அதே சாதனம், அதே உடம்பு.

2016 செப்டம்பரில் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை நம்ம ஒவ்வொருத்தரும் தெரிஞ்சு வெச்சுக்கணும். ஆபரேஷன் செய்துகொள்ள வரும் பெண்ணுக்கு அதன் விளைவுகளை அவளுக்குப் புரியும் மொழியில் டாக்டர் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு, யோசித்துப் பார்க்க ஒரு மணி நேரமாவது அவகாசம் தர வேண்டும். முகாம் நடத்துவதையே மூன்று வருஷத்துக்குள் நிறுத்த வேண்டும். 1877இல் ஒரு பெண் கைதியாக நின்று கேட்ட விவரம், 139 வருஷம் கழித்து நமக்குத் தீர்ப்பாக வந்தது.

இந்த வருஷம் நம்ம கூட்டமைப்பின் சுகாதாரத் துணைக்குழு குழு வாரியாக இதைப் பேசப் போகிறது. அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைப்பவை ஒவ்வொன்றையும் பார்ப்போம். அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. மாதவிலக்கு தள்ளிப்போகலாம், நின்றும்போகலாம், அதனால் கெட்ட ரத்தம் உள்ளே சேர்வதில்லை. ஊசியை நிறுத்தினால் மறுபடி கரு தங்கச் சில மாதம் ஆகும். சாயா மாத்திரை முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. பால் கொடுப்பவர்களும் சாப்பிடலாம். ஆண்களுக்கான ஆபரேஷன் பெண்களுக்கானதைவிடச் சின்னது, தழும்புகூட அதிகம் தெரியாது, ஆனால் முதல் மூன்று மாதம் வேறு பாதுகாப்பும் வேண்டும்.

இந்தக் கடைசி முறையைப் பத்திப் பேசும்போது எல்லாரும் சிரிப்பீங்க, தெரியும். 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 57.8 சதவீதம். வீட்டுக்காரர் செய்துகொண்டது 0.1 சதவீதம். அதனால் இந்தக் கூட்டங்களில் ஒன்றை மட்டும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஆண்களோடு சேர்த்து வைக்கலாம்னு கேட்டிருக்கேன். தேதி முடிவானதும் ஊக்குநர்கள் வந்து சொல்வாங்க.